கயிற்றுக்கு இந்தப் பக்கம்

இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த பெரியாயிக்கு வாய் நீளம் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்வார்கள். கங்காணியையே எதிர்த்துக் கேட்பவள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயோடு நின்றுவிட்டாள், காலை எடுத்து வைக்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

எழுபதுகளின் நடுவில் தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. ரேஷன் மாவும் குறைந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவள் புருஷன் அழகர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை மாணிக்கக்கல் குழிக்குப் போனான். கல் அகப்பட்டால் பங்கு, இல்லாவிட்டால் சாப்பாடு மட்டும். குழியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கும். பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கல் மண்ணுக்குள் ஓடிவிடுமாம். பெரியாயி சோற்றுச் சட்டியைக் கயிற்றோரம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். "பொம்பளயப் பாத்தா ஓடுற கல்லு, ஆம்பளைக்கி மட்டும் நின்னு குடுக்குதாக்கும்!" என்று கேலி பண்ணுவாள்.

அழகருக்கு அழுகையே வந்துவிடும். "வெளயாடாத புள்ள. கல்லு கெடைக்கலன்னா பழிய என் தலையில போட்டுத் தொரத்திருவாங்க. கயித்தத் தாண்டிராத."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறையில் புஹாரி முதலாளியின் கடைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நிலத்துக்கடியில் வேலை செய்கிறவர்களைத் தீயும் புகையும் எப்படிக் கொல்கின்றன என்று ஆராய்கிறவராம். குழிக்காரர்களை உட்காரவைத்துச் சிங்களத்தில் பேசினார்; கடையில் வேலை செய்த ஜௌபர் தமிழில் சொன்னார்.

"மெஷினுக்குப் பெற்றோல் ஊத்துற நேரம் பக்கத்தில வெளக்கு வேணாமாம். தண்ணி எறைக்கிற மெஷினக் குழிக்குள்ள எறக்கவே வேணாமாம். அந்தப் புகையில மெழுகுவத்தி எரியும், மனுசன் செத்துருவானாம்."

குழிக்குத் தலைவனான மாரிசாமி சிரித்தான். காலங்காலமாக மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவது. எரிந்தால் காற்று நல்லது, அணைந்தால் கெட்டது. அதற்குமேல் என்ன ஆராய்ச்சி? எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். மாவு வாங்க வந்திருந்த பெரியாயி மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழையில் குழி ரொம்பிவிட்டது. மேலே வைத்த மெஷினால் அவ்வளவு ஆழத்துத் தண்ணீரை இழுக்க முடியவில்லை. பெரியாயி சோறு கொண்டுபோன நேரம் மெஷின் அதன் இடத்தில் இல்லை. குழிக்குள்ளிருந்து அதன் சத்தம் வந்தது. அழகரையும் காணோம்.

"அண்ணே! மெஷின உள்ள எறக்கிட்டீங்களா? அந்தக் கொழும்பு ஐயா என்னா சொன்னாரு? எங்க வீட்டுக்காரர மேல வரச் சொல்லுங்க!"

"மெழுகுவத்தி நல்லா எரியுது தங்கச்சி. சும்மா கத்தாத. கயித்தத் தாண்டிராத," என்றான் மாரிசாமி.

தூக்கிய காலை அவள் வைக்கவில்லை. தாண்டினால் அழகருக்குக் குழியில் இடம் இருக்காது. வீட்டில் அடுப்பு எரியாது. கத்தினாள், வைதாள், மண்ணை வாரித் தூற்றினாள். எல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. இறங்கிய ஒருவன் பாதியிலேயே தலை சுற்றி ஏறிவிட்டான். பெற்றோல் தீர்ந்து மெஷின் நின்று, புகை அடங்கிய பிறகுதான் அழகரைத் தூக்க முடிந்தது. தூங்குகிறவன் மாதிரி முகம் சிவந்து கிடந்தான். அப்போது பெரியாயி கயிற்றைத் தாண்டி ஓடினாள். யாரும் தடுக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கருமாதி முடிவதற்குள் கதை தலைகீழாகிவிட்டது. பொம்பளை கயிற்றைத் தாண்டினாள், அதனால் குழி ஆளை வாங்கிவிட்டதாம். அடப் பாவிகளா, எது முந்தி, எது பிந்தி?

விசாரிக்க வந்த கொழும்புக்காரரிடமும் மாரிசாமி அதையே சொன்னான். பெரியாயி மறுப்பாள் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆமாங்க, தாண்டுனேன். அவரு செத்தப்புறந்தாங்க தாண்டுனேன். முந்தியே தாண்டியிருந்தா இன்னைக்கி அவரு இருப்பாரு."

ஜௌபர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார்.

தை பிறந்ததும் ஓடைக்கு அக்கரையில் புதுக் குழி தோண்டினார்கள். அதே மெஷின்தான். பெரியாயியின் தம்பி நல்லையாவும் போய்ச் சேர்ந்தான். காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்: "மெஷின உள்ள எறக்குனா நீ எறங்காதடா."

அவனுக்கு அக்காள்மேல் உயிர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னான்:

"பயப்படாதக்கா. இந்தத் தடவ ஒரு பொம்பளையக்கூட ஓடையத் தாண்டி அந்தப் பக்கம் வர விடமாட்டோம்."