மணிக்குப் பத்து நிமிடம்

நான் எலெக்ட்ரீஷியன். பழைய மின்கடிகாரமொன்றைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி லண்டன் மோர்டனில் ஒரு பெண் கூப்பிட்டிருந்தாள். அவளுடைய தகப்பன் விடவில்லை. அமெரிக்காவில் மின்நிலையமொன்றில் முப்பது வருடம் வேலை செய்த ஒடிசலான மனிதர். நிலையத்தை மூடியபோது கேட்டு வாங்கிய கடிகாரம். டிரான்ஸ்போமர் வைத்து வோல்டேஜைக் குறைத்து ஓட்டினாலும் லண்டனில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். மணிக்கொருமுறை எழுந்து முள்ளைத் திருத்துவார்.

“இது கரண்டின்ர துடிப்பை எண்ணி ஓடுற மணிக்கூடு; அங்க செக்கனுக்கு அறுபது துடிப்பு, இஞ்ச அம்பதுதான், சரிவராது, ஐயா. உங்களுக்குத் தெரியாதோ?” என்று எரிந்து விழுந்தேன்.

“ஓம் தம்பி, தெரியும். அங்க இது பிந்தினால் முழு ஊரின்ர கரண்டும் பிழையெண்டு அர்த்தம். நாங்கள் பிந்த விடேல்லை.”

கடிகாரம் அங்கேயே இருக்கட்டும் என்று மகளிடம் கத்திவிட்டு வந்தேன். எத்தனையோ வீட்டுக்கு வயர் இழுத்திருக்கிறேன். ஒன்றையும் திரும்பிப் பார்த்ததில்லை.