சிவப்பு விளக்கு அணைந்த பிறகு

நாங்கள் மீளக்குடியேறி, தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். தோட்டவெளிப் பக்கத்து ரயில் கடவையில், ரயில் வருவதை அறிந்து தானாகவே மணியடித்துச் சிவப்பு விளக்கை எரிக்கும் கருவியைப் பூட்டினார்கள். அதுவரை அங்கே சனத்தை மறித்துவிட்ட காவலாளி அதன் பிறகும் நின்றார். சாரத்துக்கு மேல் செம்மஞ்சள் அங்கி, வாய் நிறைய வெற்றிலை. அவர் ரயிலைப் பார்ப்பதில்லை. காத்து நிற்கும் சனத்தின் முகங்களையே பார்ப்பார். விளக்கு அணைந்ததும் கையை வீசி, “போங்கோ, சைக்கிளில ஏறியே போங்கோ” என்பார்.

ஒருநாள் கேட்டேன்: “எல்லாத்தையும் மெசின் பாக்குது. பிறகேன் அண்ணை நீங்கள்?”

“மெசின் நிக்கத்தான் சொல்லும், தம்பி. போகச் சொல்லாது. எங்கட சனம் சண்டைக் காலத்து ஆமிச் சென்றியில இறங்கி நிண்டு பழகினது. ஆமிக்காரன் கை காட்டாமல் ஆர் போனது? லைட் நூந்தாலும் சைக்கிளால இறங்கினபடி நிக்குதுகள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவரை வேலையால் நிறுத்திவிட்டார்கள். நேற்று அதே கடவையில் ரயில் போனது, மணி ஓய்ந்தது, விளக்கும் அணைந்தது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தபோதுதான் தெரிந்தது: சைக்கிளை விட்டு இறங்கி நின்று, கை காட்ட ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.