கன்னம் சிவந்த காய்

கோவிந்தாபுரத்தில் சைனுதீன் பாய் மாங்காயைத் தொட்டுப் பார்க்கமாட்டார். கண்ணால் பார்த்தால் போதும் என்பார். செந்தூர மாங்காய்க்குக் கன்னம் சிவந்தால் காய் முற்றிவிட்டது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாகத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வொரு பிப்ரவரி பத்தாம் தேதியும் முதல் லோடைப் பொள்ளாச்சி மண்டிக்கு அனுப்புகிறவர்.

இந்த வருடம் அதே பத்தாம் தேதி காலை. ஊறுகாய்க்கென்று அவர் முந்தின நாள் கொண்டுவந்திருந்த நாலு சிவந்த காயை, கழுவுவதற்காக மனைவி ஜொஹரா அண்டாவில் போட்டாள்.

“ஏனுங்க, நாலும் மெதக்குதுங்க.”

“மெதந்தா மெதக்கட்டும். ஊறுகாதான போடப்போற, கப்பலா உடப்போற?”

“முத்துன காயி முழுகுமாமுங்க. கிருஷிபவன் வெவசாயக் கூட்டத்துல சொன்னாங்களே. நீங்க பின்னால உக்காந்து தூங்கிட்டிருந்தீங்க.”

சைனுதீன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தோப்பில் மேஸ்திரி வேல்முருகனும் பறிக்கும் ஆட்களும் தொரட்டிகளோடு தயாராக நின்றார்கள்.

“மரம் ஏறலாமுங்களா பாய்?”

“பொறு.”

ரோட்டோர மரங்களில் சிவந்த காய் அஞ்சு பறித்தார். உள்ளே, நிழலில் நிற்கும் மரங்களில் பச்சைக்காய் அஞ்சு. பத்தையும் மோட்டார் தொட்டியில் போட்டார். சிவந்தவை எல்லாம் மிதந்தன. பச்சையில் மூன்று மூழ்கின.

“தண்ணியில ஏதோ கோளாறு பாய். மாத்தி உடட்டுங்களா?” என்றான் வேல்முருகன். ஆட்கள் சிரித்தார்கள்.

சைனுதீன் ரோட்டோர மரங்களைப் பார்த்தார். வெயில் முழுக்க அவற்றின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. கன்னம் சிவந்தது அந்த வெயிலால்தான். போன வருட முதல் லோடும் அதே வரிசையில் பறித்ததுதான். பொள்ளாச்சி மண்டிக்காரன் ஷஹீர், ‘பழுக்கவே இல்ல, தோலு சுருங்கிப்போச்சு’ என்றபோது, மண்டியில் அத்தனை பேர் முன்னால், ‘உன் குடோன் லட்சணம் அப்படி’ என்று கத்தியவர் இவர். இருபது வருட சிநேகிதம். ஷஹீர் மகள் நஜ்மாவின் நிக்காவுக்குக்கூடப் போகவில்லை. அதற்கு முந்தின வருடங்களில் காய் வீணானதற்கு லாரியைத் திட்டியது, வைக்கோலைத் திட்டியது, மழையைத் திட்டியது எல்லாம்? ஒரு மரத்தடியில் நிற்க முடியாமல் அடுத்ததற்கு நடந்தார்.

“இன்னைக்கு வேண்டாம். ஆளுகளைக் கூட்டிட்டுப் போ.”

“பாய், பத்தாந்தேதிங்க!”

“தெரியும். போ.”

போனை எடுத்தார். இரண்டு முறை, மணி அடிப்பதற்குள் துண்டித்தார். மூன்றாம் முறை ஷஹீர் எடுத்துவிட்டான்.

“என்ன பாய், நம்பர் மாறிப்போச்சா?”

“இல்ல மச்சான். போன வருசக் காயி... உன் குடோன்ல தப்பில்ல. நாந்தான் முத்தாம பறிச்சுட்டன்.”

மண்டி இரைச்சலுக்கு நடுவே ஷஹீர் குரலை உயர்த்தினான்.

“அன்னைக்கு மண்டி நடுவுல நின்னுதான பேசுன? இதையும் இங்க வந்து சொல்லு.”

போன் துண்டிக்கப்பட்டது. சைனுதீன் ரோட்டுக்கு வந்தார். திரும்பித் தோப்புக்குள் நடந்தார், மறுபடி வந்தார். பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. ஏறினார். இடமிருந்தும் உட்காரவில்லை.