அந்நியபாஷை பேசிய கம்ப்யூட்டர்

கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பக்கத்து இலைக்காரருக்கு அவருடைய மச்சான் சொன்னதாம். மச்சானுக்குச் சொன்னது காப்பாரில் லோரி ஓட்டும் யாரோ. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிறிஸ்தவப் புத்தக ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு ஆவி இறங்கிவிட்டதாம்.

“பட்டனைத் தட்டுனா அந்நியபாஷை பேசுதாம் பாஸ். தமிழும் இல்ல, மலாயும் இல்ல, இங்கிலீஸும் இல்ல. நாலு பாஸ்டருங்க வந்து கைய வெச்சு ஜெபம் பண்ணியும் நிக்கலயாம்.”

“அந்நியபாஷை பேசுனா அர்த்தம் சொல்ல ஒரு ஆளு வேணும்னு பைபிள்லயே இருக்கே,” என்றார் எதிர் இலைக்காரர்.

“அந்த ஆளத்தான் தேடுறாங்களாம் லா.”

பந்தி சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நாலு பாஸ்டர்கள் வந்தது பொய். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பேசியது மட்டும் உண்மை. மூன்று வாரங்களுக்கு முன்பே அந்தத் திரையை நான் பார்த்திருந்தேன், மார்க்கிரட் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கிள்ளானில் பிறந்தவர். அப்பா ரயில்வே கிளார்க், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கான்வென்டில் இங்கிலீஷ் படித்த பெண்ணைத் தமிழ் எழுத்துப் பிழை திருத்த யாரும் கூப்பிடுவதில்லை. 1973இல் அந்த ஆபீஸுக்கு டைப்பிஸ்ட் வேலைக்குத்தான் போனார். முதல் வாரமே, அச்சுக்குப் போகவிருந்த மாதப் பத்திரிகையில் ‘பாவமன்னிப்பு’ என்ற சொல்லில் ‘ன்னி’ விழுந்து ‘பாவமப்பு’ என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து புரூஃப் எல்லாம் அவர் மேஜைக்கு வந்தது. சில ஆண்டுகளில் பத்திரிகையே அவர் மேஜைக்கு வந்தது. கல்யாணம் வரவில்லை. “வந்துச்சு, பிழை நெறய இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்,” என்பார்.

பழைய ஈய எழுத்துகளைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. அவற்றை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி இரண்டு வருஷம் கமிட்டியோடு சண்டை போட்டதே அவர்தான். “வசனம் கல்லுல இருந்துச்சு, தோலுல இருந்துச்சு, பேப்பருக்கு வந்துச்சு. டிஸ்க்குல மட்டும் இருக்க மாட்டேன்னு அடம் பிடிக்குமா?” என்று கூட்டத்தில் கேட்டாராம். கமிட்டித் தலைவர் வீரசிங்கம், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். 1992இல் கம்ப்யூட்டர் வந்தது.

அதற்குத் தமிழ் எழுத்துச் செய்து கொடுத்தவர் தியாகராஜன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை இஞ்சினியர். நெற்றியில் எப்போதும் திருநீறு. அந்த நாளில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொருவரும் தன் போக்கில் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்தது இன்னொருவர் கம்ப்யூட்டரில் வராது. தியாகராஜன் தன் எழுத்தை யாரும் காப்பி அடிக்காதபடி பூட்டியும் வைத்திருந்தார். அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். அதில் ஒரு குறை இருந்தது. ‘கிறிஸ்து’ என்று அடித்தால் ‘ஸ்’ மேல் இருக்க வேண்டிய புள்ளி நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும்.

“எங்க முருகன் பேருல ஒரு சிக்கலும் இல்லக்கா. உங்க ஆளு பேருலதான் புள்ளி ஓடுது.”

“அவர் நடந்துகிட்டே இருந்தவருப்பா. நீ அவர உக்கார வெச்சுக் குடு.”

நான் திருநெல்வேலிக்காரன். இரண்டு வருஷ வேலை பர்மிட்டில் ஒரு கட்டட கம்பெனிக்கு வந்து, சனிக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் அங்கே புரூஃப் பார்க்கப் போனேன். நான் போன சமயம் அக்கா அந்தப் புத்தகத்தைத் தொடங்கியிருந்தார்.

ரப்பர் தோட்டத்து மக்கள் அவரவர் கையால் எழுதிய ஜெபங்கள். பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு மூன்று வருஷமாகச் சேர்த்தவை, முந்நூற்றுப் பன்னிரண்டு. காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் பக்கத்திலிருந்து, பள்ளிக்கூட நோட்டுத் தாளில், காலண்டர் முதுகில். பால் மரத்துக்காக ஒன்று. குடிகாரப் புருஷனுக்காக ஒன்று. ஒரு கிழவர் தன் பல்வலியை மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தார். இவர்கள் எழுதியதை இவர்களே புத்தகமாகக் கையில் வாங்க வேண்டும். இதுவரை எல்லாரும் இவர்களுக்குப் படிக்கத்தான் கொடுத்தார்கள் என்பார் அக்கா. அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதினான்கு மாதம் அவரே அடித்தார். 1996 ஆகஸ்டில் முடிந்தது. பதினொரு டிஸ்க். சிவப்புச் சீட்டு ஒட்டியது ஒரு செட், நீலச் சீட்டு ஒட்டியது அதன் நகல். இரண்டும் ஒரு பிஸ்கட் டின்னில், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு பிடி அரிசியோடு. அடித்துச் சரிபார்த்த கடிதங்கள் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தன. புதிதாக இண்டர்நெட் மேஜை போட இடம் வேண்டும் என்றார் வீரசிங்கம். மைக்கில் “பேப்பர் லாமா, பேப்பர் லாமா” என்று கூவியபடி பழைய பேப்பர் லோரி வந்த ஒரு நாள், மூட்டையாக ஏற்றிவிட்டார் அக்காவே. “டிஸ்க்குல இருக்கே, தம்பி. நான் சொன்னத நானே நம்பலன்னா எப்படி?”

நீலச் செட்டை என் வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று அன்று கேட்டார். பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். எந்தக் கேள்விக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேன். வேண்டாம்க்கா என்று சொல்லிவிட்டேன். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் மின்னல் அடித்தது. கோலாலம்பூரில் அது செய்தியே இல்லை. ஆனால் இண்டர்நெட்டுக்காகக் கம்ப்யூட்டரை டெலிபோன் வயரோடு இணைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மின்னல் அந்த வயர் வழியாகவே வந்தது. கருகிய நாற்றம் மாடிப்படி வரை இருந்தது. தியாகராஜனின் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரோடு போயிற்று. அவர் ஜூனிலேயே குடும்பத்தோடு சிட்னிக்குக் குடியேறியிருந்தார்.

கமிட்டி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது. அதில் டிஸ்க்கைப் போட்டபோதுதான் அந்நியபாஷை. ஜெபங்கள் இருந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும், தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளும். அதுவரைகூட ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அக்காவின் விரலுக்கு எந்தத் தமிழ் எழுத்து எந்த இங்கிலீஷ் சாவியில் இருக்கிறது என்று தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முதல் வரியைப் படித்தே காட்டினார். “கொம்பு முளைச்சது எல்லாம் சுழி, புள்ளி, காலு. ஒண்ணும் போகல. பொறுமையா மாத்தி அடிச்சிரலாம்.”

அடுத்த திங்கட்கிழமை அவர் பல் டாக்டரிடம் போனார். ஆபீஸில் ரமணி இருந்தாள். இண்டர்நெட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், இருபத்தாறு வயது, தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. திரையைப் பார்த்து வைரஸ் என்று நினைத்தாள். அக்காவுக்கு உதவி செய்ய வேண்டுமென்று ஒவ்வொரு டிஸ்க்கையும் திறந்து, சாதாரண எழுத்து மட்டும் போதும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி, சேமித்து மூடினாள். கொம்பு முளைத்தவை அத்தனையும் ஒரே மாதிரி அடிக்கோடாக மாறின.

அதோடு நின்றிருந்தால் நீலச் செட் பிழைத்திருக்கும். ஆனால் டின் மூடியின் உட்புறத்தில் அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, ரமணிக்காக இங்கிலீஷில். புரூஃப் பார்க்கிறவர்களின் பழைய சட்டம் அது: ஒரு பிரதியில் திருத்தினால் மறு பிரதியிலும் உடனே திருத்து. இருபத்துமூன்று வருஷம் அவர் தவறாமல் செய்தது. ரமணி படித்தாள். நீலச் செட்டையும் திருத்தினாள்.

“ஆன்டி, எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன். ரெண்டு செட்டும்,” என்று வாசலிலேயே சொன்னாளாம். அக்காவுக்கு வாய் மரத்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாராம்.

அவளை அவர் திட்டவில்லை. “நான் எழுதி வெச்சத ஒழுங்கா படிச்சிருக்கா. இந்த ஆபீஸ்ல அப்படிப் படிச்சவ அவ ஒருத்திதான்,” என்றார். ரமணி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அக்காவே போன் செய்து வரச் சொன்னார்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் நானும் அக்காவும் அடிக்கோடுகளை நிரப்பப் பார்த்தோம். அச்செடுத்து வைத்திருந்தது முதல் நாற்பது பக்கம்தான். மீதியை ஊகிக்க வேண்டும். பைபிள் சொற்கள் வந்த இடமெல்லாம் ஓடிற்று. சொந்தப் பேச்சு வந்த இடத்தில் நின்றுவிட்டது. பந்திங் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியதில் ‘வ_ட_’ என்று ஒரு சொல் ஏழு முறை வந்தது.

“வீடு,” என்றேன். “தோட்டத்த வித்துட்டாங்கல்ல. வீடு கேக்கறாங்க.”

“விடுன்னும் இருக்கலாம், தம்பி. என்னை விடுன்னு.” அடுத்த வரியில் அதே சொல்லுக்கு விரலை நகர்த்தினார். “வாடுன்னும் இருக்கலாம். நான்தான் அடிச்சேன். எனக்கு ஞாபகம் இல்ல பாரேன்.”

“ஏதாவது ஒண்ணு போட்டுடலாமா அக்கா?”

“அது அவ ஜெபம். நம்ம இஷ்டத்துக்கு நாம கேக்கக் கூடாது.”

பத்திரிகையின் சந்தா நோட்டில் முகவரி பார்த்து அந்தப் பெண்ணுக்குக் கடிதம் போட்டோம். உறை திரும்பி வந்தது. குறுக்கே தபால்காரர் மலாயில் ‘பிண்டா’ என்று எழுதியிருந்தார், குடி மாறிவிட்டார்கள். எண்பது கடிதம் போட்டதில் அறுபத்தாறு அப்படித் திரும்பின. வந்த பதில்களில், என்ன எழுதினோம் என்று எங்களுக்கும் நினைவில்லை என்றுதான் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரு வழி. ‘கிறிஸ்து’வின் புள்ளியைச் சரிசெய்யப் பார்க்கிறேன் என்று சொல்லி, அதுவரை அடித்திருந்த ஏழு டிஸ்க்குகளின் நகலைத் தியாகராஜன் போகும்போது வாங்கிப் போயிருந்தார். அவர் கொடுத்த சிட்னி எண் வேலை செய்யவில்லை. அம்பாங்கில் அவர் மாமியார் இருப்பது தெரிந்து நான் போனேன். காமாட்சி என்று பெயர். புது எண்ணை எழுதிக் கொடுத்தார். வீடு மாறியிருக்கிறார்கள், இந்த வாரம்தான் போன் வரும் என்றார்.

“அவரு கொண்டு போன டிஸ்க்கெல்லாம் பத்திரமா இருக்குமாம்மா?”

“டிஸ்க்கா? வெயிட்டு ஜாஸ்தின்னு ஏர்போர்ட்டுக்குப் போற அன்னிக்கு ஒரு பொட்டி நெறய இங்க குப்பையில கொட்டிட்டுப் போனாரு. எது எதுன்னு நான் கண்டேனா?”

எண்ணை மட்டும் அக்காவிடம் கொடுத்தேன். மற்றதைச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் எங்கள் டிஸ்க்குகள் இல்லாமலும் இருந்திருக்கலாம் அல்லவா.

கிள்ளான் அச்சகம் வெள்ளிக்கிழமைக்கு மேல் காத்திருக்காது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கமிட்டி. புத்தகம் இல்லையென்றால் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டு அறையை இண்டர்நெட் வேலைக்குக் கொடுப்பது என்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். வீரசிங்கம் ஐந்து மணிக்கே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் அக்காவும் பேசினால் யாழ்ப்பாணத்துப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

“விடும், மார்க்கிரட். ஆர்தான் இனித் தமிழிலை வாசிக்கிறது? பிள்ளையள் எல்லாம் இங்கிலீஷ்தானே.”

“எழுதினவை வாசிப்பினம், அண்ணை.”

“எழுதினவை எங்கை இருக்கினம் எண்டு உமக்கே தெரியாது.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைச் சுழற்றினார். சிட்னியில் அப்போது எட்டு மணி, ஆள் வீட்டில் இருக்கும் நேரம். வெளியே ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் கடைக்காரர்கள் சாமான்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரமணி எழுந்து கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

“ஆன்டி, இடி வருது. போன வெச்சிருங்க. அன்னிக்கு இந்த லைன்லதான் வந்துச்சு.”

“மணி அடிக்குது,” என்றார் அக்கா.

ஜன்னல் ஒருமுறை வெளுத்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் சத்தம் வந்தது.

“வைங்கக்கா,” என்றேன். “அவர்கிட்ட இல்லாமலும் இருக்கலாம்.”

திரும்பி என்னைப் பார்த்தார். பிழையைக் கண்டுபிடித்தால் பார்க்கிற பார்வை அது. ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். வீரசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கூட்டம் நடக்கும் அறையின் விளக்கைப் போடப் போனார். மழை இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ரிசீவருக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.