முஃபீதா எழுதும் நிரல்

அபாயாவின் கை விளிம்பைத் தைத்து முடித்ததும் முஃபீதா தையல் மெசினை ஒதுக்கிவிட்டு, அதே மேசையில் மகனின் பழைய மடிக்கணினியை விரிப்பார். விரல்நுனியில் கறுப்பு நூல் ஒட்டியிருக்கும். ஒரே விரலால்தான் தட்டுவார். நிரலை ஓடவிடும் முன் பிஸ்மி சொல்வார். பிழை வந்தால் திரையோடு கதைப்பார்: "என்னடா உனக்கு இப்பக் குறை?"

தில்லையடி வீட்டில் அவர் மட்டும்தான். கணவர் மௌத்தாகிவிட்டார். ஒரே மகன் றிப்தி டோஹாவில் மென்பொருள் எழுதுகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அழைப்பான். "சாப்பிட்டீங்களா உம்மா? மருந்து குடிச்சீங்களா?" இரண்டுக்கும் ஓம் சொன்னால் கதை தீர்ந்துவிடும்.

ஒருநாள் பேச்சை நீட்ட வழி தெரியாமல், "நீங்க செய்ற வேலைய எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க மகன்" என்றார். அன்று றிப்தி சோறு ஆறிப்போகும்வரை கதைத்தான். அப்படித்தான் சி என்ற கணினி மொழி அந்த வீட்டுக்குள் வந்தது. மிச்சத்தை யூடியூப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

இப்போது எழுதுவது, தைக்கக் கொடுப்பவர்களின் அளவைக் காட்டும் நிரல். ஆளுக்கொரு கோப்பு. வேண்டிய பெயரைத் தட்டினால் அந்தக் கோப்பு திறக்க வேண்டும். பக்கத்துத் தெரு றைஸாவின் பெயரைத் தட்டினார். அப்படியொரு கோப்பு இல்லை என்றது.

"கண்ணுக்கு முன்னால இருக்கு, இல்லையெண்டு சொல்றியே!"

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம்தான் பிடிபட்டது. பெயரைத் தட்டி என்டர் அடிக்கும்போது, அந்த என்டரும் கண்ணுக்குத் தெரியாமல் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு போகிறது. வாலை வெட்ட ஒரு வரி சேர்த்தார். றைஸாவின் தோளும் கையும் உயரமும் திரையில் வந்து நின்றன.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சத்தமாகவே சொல்லித் திரும்பினார். ஆளில்லை. தெருவில் பாணும் பணிசும் விற்பவரின் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

கைப்பேசியை எடுத்தார். சரியாகிவிட்டது என்றால் மகன் என்ன சொல்வான்? சந்தோஷம் உம்மா என்பான். வைத்துவிடுவான்.

கைப்பேசியைக் கீழே வைத்தார். சேர்த்த வரியை அழித்தார். மறுபடி ஓடவிட்டு, கோப்பு இல்லை என்று வந்ததைப் பார்த்துக்கொண்ட பிறகே அழைத்தார்.

"மகன், வேலையா? இந்தக் கோப்பு தொறக்குதில்ல. கொஞ்சம் பாருங்களேன்."

"இருங்க உம்மா. முதல்லயிருந்து வாசிங்க, நான் கேக்கிறன்."

முஃபீதா இரண்டு காலையும் மடித்துக் கதிரையில் ஏற்றி வைத்துக்கொண்டார்.