மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் அக்கா

சுத்துவழி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது படகுத்துறையில். "சுத்துவழி வந்தாச்சா?" என்று படகோட்டி கேட்டதும், ஏதோ பாதை போலிருக்கிறது என்றுதான் பட்டது. வந்தது ஆள். கக்கத்தில் பிளாஸ்டிக் பை, சட்டைப் பொத்தானில் நூல் கட்டித் தொங்கும் பேனா. தீவுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கையோடு பேனாவையும் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குத்தான் அந்த நூல்.

இருபத்திரண்டு வருசம் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் முன்வாசல் வழியாகப் போகமாட்டார். மீட்டர் இருக்கிற கொல்லைப்பக்கம்தான். நாய்கள் குரைக்காது, எழுந்து இடம் விடும். தீவுக்கு ஃபைபர் இணையம் கொண்டுவந்த கம்பெனி, தோட்டம் தோட்டமாகக் குழி தோண்ட அனுமதி வாங்கித் தர ஆள் தேடியது. இவரை விட்டால் யார்? இருப்பதே நூற்றுப் பன்னிரண்டு வீடு. பாதிப் பேருக்கு மாமா, பாதிப் பேருக்குச் சித்தப்பா, சில பேருக்கு இரண்டுமே.

எஞ்சினியர் மேலத்தெருவுக்கு நேர்க்கோடு போட்டுக்கொண்டு வந்தார். சுத்துவழி வரைபடத்தின்மேல் விரலை வைத்தார்.

"இங்க அண்ணன் தம்பி பேச்சு கிடையாது சார். இங்க ஓரகத்திங்க ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, வேலியைப் பத்தி மட்டும் பேசமாட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போகவே கூடாது. அங்க ஒரு விவாகரத்து இருக்கு."

"இதெல்லாம் வரைபடத்துல இல்லையேய்யா!"

"அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க."

முந்நூறு மீட்டரில் முடிய வேண்டிய குழி, அத்தனை மனத்தாங்கலையும் சுற்றிக்கொண்டு ஆயிரத்து நூறு மீட்டர் ஓடியது. "இதுக்கு மேல வளைச்சா உள்ள இருக்கிற கண்ணாடி இழை ஒடிஞ்சிடும்" என்று எஞ்சினியர் தலையில் கை வைத்தார்.

"நேராப் போனா மண்டை உடையும் சார். எது பரவாயில்லை?"

இழைக்குள் ஓடுவது வெளிச்சம் என்று கேள்விப்பட்டு, ரோஜாச் செடி கருகிவிடும் என்று மறித்தார் ஒரு பெரியவர். "உங்க செடிக்கு அது போறதே தெரியாது மாமா. நீங்க சொல்லாம இருந்தாச் சரி" என்று சுத்துவழி காதோடு சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

எல்லா வீட்டுக்கும் லைன் வந்துவிட்டது, அவர் வீட்டைத் தவிர. வீடு தீவின் முனையில். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் அக்கா. அதற்குச் சுற்றுவழி கிடையாது.

பதினொரு வருசத்துக்கு முன் கூரை சரிபார்க்க அக்காவிடம் ஏணி வாங்கினார். ஒன்பதாம் படி ஒடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அக்கா வீட்டுக்காரர் ஏறினார். ஒரு மாசம் நொண்டினார். "படி போனாப் போகுது, வாயுமா ஒடிஞ்சு போச்சு அவனுக்கு?" என்று அக்கா போட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டது. அன்றோடு பேச்சு நின்றது. தன் வீட்டு லைனுக்கான கையெழுத்தைக்கூட அக்கா எஞ்சினியரிடம் நேரே போட்டுக் கொடுத்துவிட்டார். தம்பி வீட்டு லைனுக்குத் தன் தோட்டத்தில் குழி தோண்ட மட்டும் போடவில்லை.

அவர் மகள், வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்க வேண்டியவள். லைன் இல்லாமல் படகு டிக்கெட் அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முதுகு கூனிப்போனாள்.

"நூத்திப் பத்துக் கையெழுத்து வாங்கினியே, கூடப் பொறந்தவங்ககிட்ட ஒண்ணு வாங்க முடியலையாப்பா? குழி தோண்டுறவங்க வெள்ளிக்கிழமை படகுல கிளம்பறாங்க. அதே படகுல நானும் போய் அக்கரையில ரூம் எடுத்துக்கறேன்."

"நீ கேட்டா அத்தை போடுவா."

"கேட்டாச்சு. உங்கப்பனுக்கு வாய் இருக்கான்னு பார்க்கணுமாம்."

வெள்ளிக்கிழமை காலையில் தோளில் ஒரு புது ஏணியோடு அக்கா வீட்டு முன்வாசலுக்குப் போனார். பழக்கமில்லாத வாசல், நாய் குரைத்தது.

"யாரு?" தெரிந்துகொண்டேதான் கேட்டார் அக்கா.

"நான்தான்க்கா. அந்த ஒன்பதாம் படி... ஒடிச்சது நான்தான். சொல்லியிருக்கணும்."

"வந்துடுச்சா வாய்? இதுல எத்தனை படி?"

"பதிமூணு."

"உன் கணக்கு யாருக்கு வேணும்? மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

படகுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. குழி தோண்டுகிறவர்கள் மண்வெட்டியோடு வேலிக்கு வெளியே காத்திருக்கிறார்கள். அக்கா ஒன்பதாம் படியில் நின்று, இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துப் பார்க்கிறார். கீழே சுத்துவழி, இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைப் பல்லில் கடித்தபடி நிற்கிறார்.