சாணிக்குட்டைமேல் முளைத்த புல்

அந்த ஏப்ரலில் நிபியாவின் வீட்டுக்குப் பின்னால் அப்படியொரு பச்சை தெரிந்திருக்கவே கூடாது. பூமியின் தென்பாதியிலிருந்த அந்த ஊரில் அது இலையுதிர்காலம், மழையும் பொய்த்திருந்தது. கொலோனியா வட்டாரத்து மேய்ச்சல் நிலமெல்லாம் துடைப்பக்குச்சியாகக் காய்ந்து கிடந்தது. யூகலிப்டஸ் வரிசைக்கு அந்தப்புறம் ஒரு துண்டு மட்டும் கிளிப்பச்சையாக மினுங்கியது. வானொலி நிலையத்திலிருந்து திரும்பியவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாள். நமக்கு அங்கே ஏது வயல்?

பிறகுதான் உறைத்தது. அது வயல் இல்லை, சாணிக்குட்டை. கறவைக் கொட்டகையைக் கழுவிய தண்ணீரும் சாணமும் மூத்திரமும் வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும் இடம். ஆளை விழுங்கும் ஆழம். அதைச் சுற்றியிருந்த வேலியையும் காணோம்.

நிபியா பால் தேசத்தில் பிறந்தவள் இல்லை. வடக்கே, தக்குவரெம்போ பக்கம், குதிரைமேல் இருந்தபடி இறைச்சி மாடுகளை ஓட்டிப் பிழைத்தவரின் மகள். ஆதெமார் ஆர்த்தூஸைக் கட்டிக்கொண்டு இந்தக் கறவைப் பண்ணைக்கு வந்தபோது, மாட்டின்மேல் வீசிப் பிடிக்கும் தோல் சுருக்குக்கயிறு ஒன்றை அப்பா கொடுத்திருந்தார், அதையும் கொண்டு வந்தாள். மாமியார் வீட்டில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "கூப்பிட்டா வர்ற மாட்டுக்குக் கயிறு எதுக்குடி?" ஆனாலும் அவள் வருஷா வருஷம் அதற்குக் கொழுப்புத் தடவிக் கொட்டகை ஆணியில் மாட்டி வைத்தாள்.

வானொலிக்குப் போனது ஒரு சண்டையால்தான். வெள்ளம் சாலையை அரித்து, பால் லாரி வராமல் போன சமயம், கூட்டுறவுச் சங்கத்தின் சிறிய வானொலி நிலையத்துக்கு நேராகப் போய்க் கத்தினாள். அங்கிருந்த பிராவுலியோ அவள் முன்னால் மைக்கைத் தள்ளி, "இதுல கத்துங்க" என்றான். அன்றிலிருந்து, காலைக் கறவை முடியும் நேரத்தில் தினமும் அவள் குரல்தான். எந்த ஓடையில் தண்ணீர் கெட்டிருக்கிறது, எந்த விதி மாறியிருக்கிறது, குட்டையை எதுவரை நிரம்ப விடலாம், கழிவை வயலில் எப்போது தெளிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். வேறு யார் படித்தாலும் கொட்டாவி வருகிற சமாசாரம். இவள் படித்தால் கொட்டகைக்குக் கொட்டகை உத்தரத்தில் தொங்கும் ரேடியோவை யாரும் அணைப்பதில்லை. "உன் குரலைக் கேட்டாத்தான் என் மாடுங்க பாலை இறக்குதுங்க, பயத்துல" என்று சந்தையில் ஒருவர் கிண்டல் செய்வார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த செய்தி இது. ஆய்வாளர்கள் ட்ரோன் பறக்கவிட்டுக் குட்டைகளைப் படம் பிடிக்கப் போகிறார்கள். விளிம்பு வரை நிரம்பிய குட்டை உள்ள பண்ணைக்கு, அதைக் காலி செய்யும்வரை பால் லாரி போகாது. படித்து முடித்ததும் நிபியா தன் கைச்சரக்கையும் சேர்த்தாள். "மேலேயிருந்து பார்க்கறவன்கிட்ட ஒளிக்க முடியாதுங்க. பச்சையா இருந்தா மேய்ச்சல், பழுப்பா இருந்தா கேள்வி!" பிராவுலியோ கண்ணாடிக்கு அந்தப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து, நம் குட்டை என்ன ஆச்சு என்று கணவனைக் கேட்டாள். குட்டையை உறிஞ்சிக் காலி செய்யும் பம்புக்காரனிடம் சொல்லியாகிவிட்டது என்றான். நம்பினாள்.

இப்போது அவன் வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கி, மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே நிதானமாக வந்தான்.

"வேலி எங்கே, ஆதெமார்?"

"கழட்டிட்டேன். வயலுக்கு நடுவுல வேலி நின்னா படத்துல பார்க்கறவன் என்ன நினைப்பான்?"

"வயலா? அடப்பாவி மனுஷா, அது குட்டை!"

"கத்தாதே. நீதானே சொன்னே, பச்சையா இருந்தா மேய்ச்சல்னு? மேலே பாலாடை மாதிரி கெட்டியாத்தானே கிடந்துச்சு. வைக்கோலைப் பரப்பினேன், புல்விதையைத் தூவினேன். ஒரே வாரத்துல முளைச்சிடுச்சு. இவ்வளவு உரம் எவன் வயல்ல இருக்கு, சொல்லு."

"பம்புக்காரன்?"

"ஊரே அவன் பின்னால நிக்குது. ஜூன்லதான் வருவானாம். அதுவரைக்கும் நம்ம பாலை உன் ரேடியோ குடிக்குமா?"

ரேடியோவில் அவள் சொன்ன வாக்கியம்தான் அங்கே முளைத்து நின்று காற்றில் அசைந்தது.

அதற்குள் கறவை முடிந்த மாடுகள் பாதையில் வந்துவிட்டன. எப்போதும் முதலில் வருவது கிழட்டு பலோமாதான். காய்ந்த சருகை மென்று சலித்திருந்த மாடு, பச்சையைக் கண்டதும் திரும்பியது. "ஏய், பலோமா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அது கேட்கவில்லை. புல்மேல் கால் வைத்தது, தாங்கியது. இன்னும் உள்ளே போனது. தண்ணீர்மேல் விரித்த கம்பளம்போல் அந்த வயல் முழுவதும் மெல்ல நெளிந்தது. பிறகு சத்தமே இல்லாமல் மாட்டின் பின்பாதி உள்ளே போனது.

நிபியா சிதறிய மற்ற மாடுகளைக் கையை வீசி விரட்டிவிட்டுத் திரும்புவதற்குள், ஆதெமார் கழற்றிப் போட்டிருந்த வேலிப் பலகை ஒன்றைப் புல்மேல் தள்ளிக்கொண்டு அதில் குப்புறப் படுத்திருந்தான்.

"போகாதே!"

"என் கையால போட்ட வைக்கோல், தாங்கும்!"

தாங்கவில்லை. மாடு உதறியதில் குட்டைமேல் படிந்திருந்த ஆடை கிழிந்தது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழுந்தது. பலகை சாய்ந்தது. ஆதெமார் மார்பளவு உள்ளே இருந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவனின் தலை, தூங்கி விழுகிறவன் தலைபோல் ஒரு பக்கம் தொங்கியது.

நிபியாவின் கால் தானாகக் குட்டைக்குள் போய்விட்டது. முழங்கால்வரை இறங்கியவளை அவளுடைய குரலே பிடித்து நிறுத்தியது. ஒவ்வொரு குளிர்காலமும் படிக்கிற செய்தி. விஷவாயு இருக்கு, விழுந்தவனைத் தூக்க இறங்காதீங்க, இறங்கினா ஒண்ணுக்கு ரெண்டு சவப்பெட்டி. காலை உருவிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

கயிறு ஆணியில் இருந்தது. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் பக்கமாகப் போய் நின்று சுழற்றினாள். முதல் வீச்சு மாட்டின் கழுத்தோரம் விழுந்து வழுக்கியது. இழுத்துக்கொண்டாள். அழுகையும் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்தன. இரண்டாவது வீச்சில் சுருக்கு அவன் தலையையும் ஒரு கையையும் தாண்டி அக்குளில் இறுகியது. மறுமுனையை வண்டியின் பின்கொக்கியில் கட்டி, முதல் கியரில், மூச்சுவிடவும் பயந்து நகர்த்தினாள். இழுத்துப் பிறக்க வைக்கும் கன்றுபோல் அவன் வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்தாள். இருமினான்.

திரும்பிப் பார்த்தபோது பலோமாவின் ஒரு காது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. கிழிந்த புல் மெதுவாக ஒன்றுசேர்ந்து மூடிக்கொண்டது. தெரியாதவன் பார்த்தால் அழகான வயல்.

மறுநாள் காலை, ஆதெமார் ஊர் ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயோடு கண்ணைத் திறந்த பிறகு, அவள் நேராக நிலையத்துக்கு வந்தாள்.

"இன்னிக்கு லீவு போடுங்களேன்" என்றான் பிராவுலியோ.

"மைக்கைப் போடுடா."

பண்ணையின் பெயர், கணவன் பெயர், மாட்டின் பெயர், எதையும் மறைக்காமல் படித்தாள். "படம் வந்தா வரட்டும், லாரி நின்னா நிக்கட்டும். குட்டைமேல புல் போடாதீங்க. அன்னிக்குப் பச்சை பழுப்புன்னு நான் சொன்னேனே, அதை மறந்துடுங்க" என்று முடித்தாள். முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பிராவுலியோ அழைப்பை அப்படியே ஒலிபரப்பில் விட்டான்.

"தோன்யா நிபியா, பேரெல்லாம் வேண்டாம். ஒருத்தன் ஏற்கெனவே விதைச்சுட்டான்னு வெச்சுக்குவோம்..." என்று, மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தோன்யா' சேர்த்து, இழுத்தது ஓர் ஆண் குரல்.

நிபியா கண்ணாடி வழியாகப் பிராவுலியோவைப் பார்த்தாள். அவன் முகமும் வெளுத்திருந்தது. "முதல்ல வேலியை நடச் சொல்லுங்க அந்த ஒருத்தனை" என்றாள். அடுத்த அழைப்பு. அங்கேயும் புல். அதற்கடுத்தது ஒரு பெண்.

"எங்க வீட்டுக்காரர் வேலிக்கம்பைப் பிடுங்கி அடுப்புல வெச்சுட்டாரு, தோன்யா. நல்லா சமமா இருக்குன்னு பிள்ளைங்க அந்தப் பக்கம்தான்..."

"எப்போ?"

"இப்பத்தான். ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் பந்து..."

"போனைப் போட்டுட்டு ஓடு! ஓடும்மா!"

ஏதோ விழுந்து உடையும் சத்தம். கதவு. நாய் குரைப்பு. தூரத்தில் இரண்டு பெயர்கள், திரும்பத் திரும்ப. பிராவுலியோ இணைப்பைத் துண்டிக்கவில்லை. கொட்டகைக்குக் கொட்டகை அந்தக் குரைப்பு கேட்டுக்கொண்டிருந்தது. நிபியா மேசை விளிம்பைப் பிடித்தபடி, மூச்சு மைக்கில் விழாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் காலடி. இரைக்கும் மூச்சு.

"வந்துட்டாங்க. ரெண்டு பேரும் என் கையிலதான் இருக்காங்க." பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "பந்து மட்டும் அங்கேயே நடுவுல கிடக்குது, தோன்யா. அதுக்குத்தான் அழறான்."

"கிடக்கட்டும்" என்றாள் நிபியா. "யாரும் எடுக்கப் போகாதீங்க."